ஐம்பது கிலோ வீரர்களில் யார் பெரியவர்? வரிசைப்படுத்தும் முறை

எல்லாக் காலத்துக்குமான சிறந்த குத்துச்சண்டை வீரர்கள் பத்துப் பேரைச் சொல்லுங்கள் என்றால் ரசிகர்கள் யோசிப்பதே இல்லை. ராபின்சன், அலி, துரான், ஆம்ஸ்ட்ராங் என்று மளமளவென்று வந்துவிடும். 115 பவுண்டுக்கு உட்பட்டவர்களில் பத்துப் பேர் என்று கேட்டால் மூன்றாவது பெயருக்கு மேல் பலருக்கு ஓடாது. உடனே இணையத்தைத் திறந்து, யார் எத்தனை முறை பட்டத்தைத் தக்கவைத்தார் என்று பார்த்து, அந்த எண்ணிக்கைப்படியே வரிசை போட்டுவிடுகிறார்கள். சிறிய எடைகளில் அந்த எண்ணிக்கையைப் போல ஏமாற்றுவது வேறொன்றும் இல்லை.

இந்த எடைக்காரர்களுக்கென்றே பல வருடங்களாகத் தனி நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு வீரருக்கு ஒரு பக்கம். பட்டம், பெல்ட், தோல்வியே இல்லாத கணக்கு எதுவும் பக்கத்தின் மேலே வராது. மேலே வருவது அவர் யாரை வென்றார், அப்போது அந்த எதிராளி எந்த நிலையில் இருந்தார் என்பது மட்டும்தான். மற்றதெல்லாம் கீழே. நீங்களும் சொந்தமாக ஒரு வரிசை போட நினைத்தால் இப்படித் தொடங்குங்கள் என்பதே என் யோசனை. எப்படிச் செய்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் எல்லையைப் போடுங்கள்

மினிமம்வெயிட் 105 பவுண்டு, அதாவது 47.6 கிலோ. லைட் ஃபிளைவெயிட் 108 பவுண்டு, 49 கிலோ. ஃபிளைவெயிட் 112 பவுண்டு, 50.8 கிலோ. சூப்பர் ஃபிளைவெயிட் 115 பவுண்டு, 52.2 கிலோ. நான் இந்த நான்கோடு நிறுத்திக்கொள்கிறேன். 118 பவுண்டு பாண்டம்வெயிட்டைச் சேர்த்தால் ஏடர் ஜோஃப்ரே, ரூபன் ஒலிவாரெஸ் என்று வேறொரு உலகம் உள்ளே வந்துவிடும். அதற்குத் தனி நோட்டு வேண்டும்.

இந்த நான்கு பிரிவுகளும் எப்போது பிறந்தன என்பதை முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஃபிளைவெயிட் மட்டும்தான் பழையது, முதல் உலகப் போருக்கு முன்பே வந்தது. லைட் ஃபிளைவெயிட் 1975இல் வந்தது, சூப்பர் ஃபிளைவெயிட் 1980இல், மினிமம்வெயிட் 1987இல். அதற்கு முன்னால் 105 பவுண்டு எடையுள்ள ஒருவர் உலகப் பட்டத்துக்கு ஆசைப்பட்டால் 112 பவுண்டுக்காரரோடுதான் மோத வேண்டும். வேல்ஸ் நாட்டு ஜிம்மி வைல்ட் தன் உச்சத்தில் இன்றைய லைட் ஃபிளைவெயிட் வரம்புக்கும் கீழே இருந்தபடியே உலக ஃபிளைவெயிட் சாம்பியன் ஆனார். அர்ஜென்டினாவின் பாஸ்குவால் பெரெஸ் ஐந்தடிகூட இல்லாத மனிதர். இன்றைக்கு இருந்தால் அவர் 108 பவுண்டுக்கு மேல் போகவே தேவையிருக்காது. இவர்களிடம் ஒரே பிரிவில்தானே பட்டம் வென்றார்கள் என்று குறை சொல்பவர், பிரிவே ஒன்றுதான் இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்.

எல்லை போட்டபின் வருகிற அடுத்த சிக்கல், இந்த வழியாகக் கடந்து மேலே போனவர்கள். மேனி பாக்கியாவ் 1998 டிசம்பரில் சாட்சாய் சசகுலை வீழ்த்தி ஃபிளைவெயிட் சாம்பியன் ஆனார். அடுத்த வருடமே எடை வரம்புக்குள் வர முடியாமல் எடை மேடையிலேயே பட்டத்தை இழந்து, சண்டையிலும் மூன்றாம் ரவுண்டில் வீழ்ந்தார். அவருடைய மகத்துவம் முழுக்க அதற்கு மேலான எடைகளில் இருக்கிறது. நவோயா இனோவே தன் ஆறாவது தொழில்முறைச் சண்டையில், 2014 ஏப்ரலில், லைட் ஃபிளைவெயிட் பட்டம் வென்றார். அதே வருடக் கடைசியில் இரண்டு பிரிவு மேலே தாவி, அதுவரை கீழே விழுந்தே பழகாத ஓமார் நர்வாயெஸை இரண்டே ரவுண்டில் முடித்தார். அந்த இரண்டாவது சண்டை என் நோட்டில் இருக்கிறது. ஆனால் 118, 122 பவுண்டுகளில் அவர் செய்த எதுவும் இல்லை. 115 பவுண்டுக்குள் நடந்ததை மட்டும் எண்ணுங்கள். இதில் இரக்கம் காட்டினால் வரிசை முழுக்கக் கலைந்துவிடும்.

எத்தனை பிரிவு என்று எண்ணாமல் எத்தனை சதவீதம் என்று எண்ணுங்கள்

மூன்று பிரிவு சாம்பியன், நான்கு பிரிவு சாம்பியன் என்று போஸ்டரில் போடுவார்கள். இந்த எடைகளில் அந்தச் சொல்லை அப்படியே வாங்கிக்கொள்ளக் கூடாது, அலட்சியமாகத் தள்ளவும் கூடாது. கொஞ்சம் கணக்குப் போட்டால் உண்மை தெரியும்.

105இலிருந்து 112க்கு ஏறினால் மூன்று பிரிவு ஆகிறது. ஏறியது ஏழு பவுண்டு. பெரிய எடைகளில் வெல்டர்வெயிட்டின் 147இலிருந்து அடுத்த படியான 154க்கு ஏறினாலும் அதே ஏழு பவுண்டுதான், ஆனால் அங்கே அது ஒரே படி. இதைச் சொல்லித்தான் சிறிய எடைப் பட்டங்களை மலிவு என்கிறார்கள். உடலின் அளவோடு ஒப்பிட்டால் கதை மாறுகிறது. 105க்கு ஏழு பவுண்டு என்பது 6.7 சதவீதம், 147க்கு 4.8 சதவீதம். 105இலிருந்து 115 வரை ஏறினால் 9.5 சதவீதம். மிடில்வெயிட்டின் 160இலிருந்து லைட் ஹெவிவெயிட்டின் 175க்குப் போவது 9.4 சதவீதம். அதாவது நான்கு சின்னப் பிரிவுகளைத் தாண்டியவர், மிடில்வெயிட்டில் தொடங்கி லைட் ஹெவிவெயிட்டில் வென்றவருக்குச் சமமான பாரத்தைச் சுமந்திருக்கிறார். அங்கே அது மூன்று பிரிவு, இங்கே நான்கு. ஒரு பிரிவு அளவுக்குத்தான் மிகை. அந்த அளவுக்கு மட்டும் கழித்துக்கொண்டு மீதிக்கு முழு மரியாதை கொடுங்கள்.

பக்கத்தை எதிராளிகளின் பெயரால் நிரப்புங்கள்

இதுதான் முக்கியமான வேலை, நேரம் எடுக்கும். ஒவ்வொரு வீரருக்கும் அவர் சந்தித்த சிறந்த ஐந்து எதிராளிகளை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கு விஷயம்: தேதி, எடை, யாருடைய ஊரில் நடந்தது, அந்த எதிராளி அதற்கு முன்னும் பின்னும் என்ன செய்தார். முடிவு என்ன என்பதைக் கடைசியில் எழுதுங்கள். முடிவை முதலில் எழுதினால் கை தானாகவே வென்றவருக்குச் சாதகமாக எழுதும்.

இந்த முறை என்ன செய்கிறது என்று பார்க்க, தாய்லாந்தின் வான்ஹெங் மெனயோதின் பக்கத்தை முதலில் எழுதிப் பாருங்கள். 54 சண்டை, 54 வெற்றி. 2018இல் அமெரிக்காவின் ஃபிளாய்ட் மேவெதரின் 50 வெற்றி என்ற கணக்கைத் தாண்டிவிட்டார் என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. 2020 நவம்பரில் பன்யா பிரதாப்ஸ்ரீயிடம் தோற்றார். அவர் நல்ல வீரர், பல வருடம் சாம்பியனாக இருந்தவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஐந்து எதிராளிகளை எழுத உட்கார்ந்தால், மோதிய நேரத்தில் மற்ற அமைப்புகளின் பெல்ட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் யாரும் அந்தப் பட்டியலில் வர மாட்டார்கள். தோல்வியில்லாத கணக்கு எப்படிக் கட்டப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

இதற்கு நேரெதிர், நிகராகுவாவின் ரோமன் 'சாக்லத்தீத்தோ' கோன்சாலஸின் பக்கம். 2012 நவம்பரில் லாஸ் ஏஞ்சலீஸில் அவர் ஹுவான் ஃபிரான்சிஸ்கோ எஸ்த்ராதா என்ற மெக்சிகோ இளைஞரைப் புள்ளிகளில் வென்றார். அன்றைக்கு எஸ்த்ராதாவை அதிகம் பேருக்குத் தெரியாது; எடையைக் குறைத்துக்கொண்டு வந்து மோதியவர். ஐந்தே மாதத்தில், 2013 ஏப்ரலில் சீனாவின் மக்காவ் நகரில், அதே எஸ்த்ராதா பிரையன் விலோரியாவை வென்று இரண்டு ஃபிளைவெயிட் பட்டங்களை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் உச்சியிலேயே இருந்தார். 2012இல் சாதாரணமாகத் தெரிந்த வெற்றி இன்று கோன்சாலஸின் சிறந்த வெற்றிகளில் ஒன்று. ஆகவே பக்கத்தை ஒருமுறை எழுதி மூடிவிடாதீர்கள். எதிராளிகள் பின்னால் என்ன ஆனார்கள் என்று வருடத்துக்கு ஒருமுறையாவது திருப்பிப் பாருங்கள்.

பொது எதிராளி கிடைத்தால் அது பொக்கிஷம். ஜப்பானின் ஹிதேயுகி ஓஹாஷி, இன்று இனோவேயின் ஜிம்மை நடத்துபவர், 1986இலும் 1988இலும் கொரியாவின் ஜங்-கூ சாங்கிடம் தோற்றார். ஐந்தாம் ரவுண்டில் ஒருமுறை, எட்டாம் ரவுண்டில் ஒருமுறை. பிறகு 105 பவுண்டுக்கு இறங்கி சாம்பியன் ஆனார். 1990 அக்டோபரில் டோக்கியோவில் ரிகார்டோ லோபெஸ் அவரை ஐந்தாம் ரவுண்டில் முடித்து அந்தப் பட்டத்தைப் பறித்தார். இந்த மூன்று சண்டையையும் அடுத்தடுத்துப் பாருங்கள். சாங் அவரை நெருங்கி வந்து நசுக்குகிறார். லோபெஸ் தூரத்திலேயே நிறுத்திப் பிரித்துப் போடுகிறார். இரண்டு மகத்தான வீரர்கள் சந்திக்கவே இல்லை என்றாலும் அவர்களுடைய வேறுபாடு ஒரே மனிதரின் மீது தெரிகிறது.

தக்கவைத்த எண்ணிக்கையை எப்படிப் படிப்பது

எண்ணிக்கை இதோ. லோபெஸ் 105 பவுண்டில் 20க்கும் மேல். தாய்லாந்தின் காவோசாய் கேலக்சி 115இல் 19. கொரியாவின் மியுங்-வூ யூ லைட் ஃபிளைவெயிட்டில் முதல் ஆட்சியில் 17. பொங்சக்லெக் வொன்ஜோங்கம் ஃபிளைவெயிட்டில் முதல் ஆட்சியில் 17. நர்வாயெஸ் 16, சாங் 15, மிகுவெல் கான்டோ 14.

இதே வரிசையில் ஒரு பட்டியல் போட்டால் கான்டோ கடைசியில் நிற்பார். என் நோட்டில் அவர் இந்த ஏழு பேரில் இரண்டாவது. காரணம் எளிது. மெக்சிகோவின் யுகடான் பகுதியிலிருந்து வந்த இந்த மனிதர் 1975 ஜனவரியில் ஜப்பானுக்குப் போய் ஷோஜி ஓகுமாவிடமிருந்து பட்டத்தை எடுத்தார். 1978இல் மறுபடி ஜப்பானுக்கே இரண்டு முறை போய் அதே ஓகுமாவை வென்றார். வெனிசுவேலாவின் பெத்துலியோ கோன்சாலஸை வெனிசுவேலாவிலேயே வென்றார். ஓகுமாவும் பெத்துலியோவும் கான்டோவிடம் தோற்பதற்கு முன்பும் உலக சாம்பியன்கள், தோற்ற பிறகும் உலக சாம்பியன்கள். அடுத்தவர் ஊரில், அடுத்தவர் நடுவர்களுக்கு முன்னால், நாக் அவுட் செய்யும் பலம் இல்லாமல், முழுக்க முழுக்க இடது ஜாபையும் (நேராக நீட்டி விடும் குத்து) கால்களையும் நம்பி 15 ரவுண்டு. 61 வெற்றியில் 15 தான் நாக் அவுட். முதல் சண்டையிலேயே தோற்றுத் தொடங்கியவர் இவர் என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

வொன்ஜோங்கமின் 17இல் பல பெயர்கள் இன்று யாருக்கும் நினைவில்லை. அவருடைய சிறந்த வெற்றி அந்த 17இல் வராது என்பது கவனிக்க வேண்டியது: 2010இல், பட்டத்தை இழந்து வயதும் ஏறிய பிறகு, டோக்கியோவில் கோகி கமேடாவை வென்றது. எண்ணிக்கை வேறு, உயரம் வேறு.

காவோசாயின் பக்கம் எனக்கு மிகவும் கஷ்டமானது. இடதுகைக்காரர்; அந்த இடது கை எதிராளியின் விலாவில் இறங்கினால் சண்டை முடிந்தது. 47 வெற்றியில் 41 நாக் அவுட், ஒரே ஒரு தோல்வி. 1987இல் ஜகார்த்தாவுக்கே போய் எல்லியாஸ் பிகாலை 14ஆம் ரவுண்டில் வீழ்த்தினார், அதனால் உள்ளூரில் மட்டும் சண்டையிட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஜிரோ வதனபேயும் கில்பெர்ட்டோ ரோமனும் அதே எடையில், அதே வருடங்களில் இருந்தார்கள். அவர்களோடு அவர் மோதவில்லை. பெல்ட் கொடுக்கும் அமைப்புகள் வேறு வேறு என்பதால் நடக்காமல் போன சண்டைகள் இவை. வீரர் மீது பழி போடத் தேவையில்லை. நடக்காத சண்டைக்கு மதிப்பெண்ணும் கொடுக்க முடியாது.

இந்த வகையில் எனக்கு மிகவும் வருத்தமான வெற்றிடம் சாங் - யூ. ஒரே நாடு, ஒரே எடை, ஒரே காலம். 1985 டிசம்பரிலிருந்து 1988 வரை இருவரும் ஒரே நேரத்தில் உலக சாம்பியன்கள், ஒருவரிடம் டபிள்யூ.பி.சி அமைப்பின் பெல்ட், மற்றவரிடம் டபிள்யூ.பி.ஏ அமைப்பின் பெல்ட். சந்திக்கவே இல்லை. இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதும்போது நான் சாங்கை மேலே வைக்கிறேன், காரணம் மறுபடியும் எதிராளிகள்: ஹிலாரியோ சபாட்டாவிடம் முதலில் குறுகிய வித்தியாசத்தில் தோற்று, அடுத்த வருடமே மூன்றாம் ரவுண்டில் அவரை முடித்தார். சோட் சிட்டலடாவை, பிற்காலத்தில் ஃபிளைவெயிட் சாம்பியன் ஆகப்போகிறவரை, வென்றார். ஓஹாஷியை இரண்டு முறை. யூவின் கணக்கு 38 வெற்றி, ஒரு தோல்வி. அந்த ஒரு தோல்வியையும் ஹிரோகி இயோகாவிடமிருந்து திருப்பி வாங்கிவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். தாளில் யூ அழகு. பக்கத்தில் சாங் கனம்.

அமைப்புகளைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. டபிள்யூ.பி.ஏ, டபிள்யூ.பி.சி, ஐ.பி.எஃப், டபிள்யூ.பி.ஓ என்று நான்கு பெல்ட் இருப்பதால் ஒரு பிரிவில் நான்கு பேர் உலக சாம்பியன். ஜப்பான் குத்துச்சண்டை ஆணையம் ஐ.பி.எஃப், டபிள்யூ.பி.ஓ இரண்டையும் 2013 வரை ஏற்கவில்லை. ஆகவே அதற்கு முன்பிருந்த ஜப்பான் வீரர் ஒருவர் ஏன் அந்தப் பெல்ட்காரர்களோடு மோதவில்லை என்று கேட்டால், பதில் அவரிடம் இருக்காது.

காலத்தைக் கணக்கில் எடுங்கள்

பழைய வீரர்கள் சண்டை நடக்கும் நாளன்றே எடை பார்த்தார்கள். இப்போது சண்டைக்கு முந்தைய நாளே பார்க்கிறார்கள். இடையில் தண்ணீரும் உணவும் ஏற்றிக்கொண்டு பல பவுண்டு கூடுதலாக ரிங்குக்குள் வருகிறார்கள். ஹெவிவெயிட்டில் இது ஒன்றுமில்லை. 50 கிலோ உடலில் நான்கு கிலோ என்பது முழுதாக இன்னொரு பிரிவுக்கும் மேல். பெனி லிஞ்ச் என்ற கிளாஸ்கோ வீரருடைய முடிவு இந்தப் பக்கத்தில்தான் வருகிறது. 1935இல் ஜாக்கி பிரவுனை இரண்டே ரவுண்டில் முடித்தவர், 1937இல் ஸ்மால் மொன்டானாவை வென்று பிரிந்து கிடந்த பட்டத்தை ஒன்றாக்கியவர், அதே வருடம் தோல்வியே அறியாத பீட்டர் கேனை 13ஆம் ரவுண்டில் வீழ்த்தியவர், 1938இல் ஜாக்கி ஜூரிச்சுக்கு எதிராக ஆறு பவுண்டுக்கு மேல் கூடுதலாக வந்து எடை மேடையிலேயே பட்டத்தை இழந்தார். சண்டையில் ஜூரிச்சை நாக் அவுட் செய்தார் என்பது எதையும் மாற்றவில்லை. 33 வயதில் இறந்துபோனார். அந்த மூன்று வருட உச்சத்துக்காக மட்டுமே அவர் என் பத்துக்குள் இருக்கிறார்; இன்னும் மூன்று வருடம் உடல் ஒத்துழைத்திருந்தால் மிக மேலே போயிருப்பார்.

1920களின் அமெரிக்கச் சண்டைகளைப் படிக்கும்போது இன்னொரு எச்சரிக்கை. பல மாநிலங்களில் அப்போது அதிகாரபூர்வத் தீர்ப்பே கிடையாது. நாக் அவுட் இல்லையென்றால் மறுநாள் பத்திரிகைகள் சொன்னதுதான் முடிவு. ஒரே சண்டைக்கு இரண்டு பத்திரிகை இரண்டு வெற்றியாளர் சொல்லியிருக்கும். பிலிப்பீன்ஸின் பான்சோ வில்லாவின் கணக்கைப் பார்க்கும்போது இதை மறக்க வேண்டாம். 1923 ஜூனில் நியூயார்க்கில் வைல்டை ஏழாம் ரவுண்டில் வீழ்த்தி ஆசியாவின் முதல் உலக சாம்பியன் ஆனவர் இவர். 1925 ஜூலையில் பல் தொற்று முற்றி, சாம்பியனாகவே, 23 வயதில் இறந்தார். நெஞ்சு கனக்கும் கதை, ஆனால் கதைக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். அவர் வென்ற வைல்ட் நெடுநாள் ஓய்வுக்குப் பிறகு வந்த 31 வயது வைல்ட். அதே காலத்தில் ஃபிராங்கி ஜெனாரோ என்பவர் வில்லாவை மறுபடி மறுபடி வென்றிருக்கிறார். இரண்டையும் எழுதிய பிறகும் வில்லா என் பத்துக்குள் நிற்கிறார். அவ்வளவு வேகம், அவ்வளவு துணிவு.

தோல்விகளைப் படிப்பது

தோல்விக்கு மூன்று கேள்வி: யாரிடம், எந்த எடையில், எந்த வயதில். ரோமன் கோன்சாலஸ் 46 வெற்றியோடு 2017 மார்ச்சில் மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்கு வந்தார். ஸ்ரீசாகெட் சோர் ருங்விசாய் முதல் ரவுண்டிலேயே அவரைக் கீழே தள்ளினார். தலைமோதலில் முகம் கிழிந்தது. அப்படியும் 12 ரவுண்டு முன்னேறிக்கொண்டே இருந்தார். ஒரு நடுவர் சமம் என்றார், இருவர் ஸ்ரீசாகெட்டுக்குக் கொடுத்தார்கள். நான் ஒலியை அணைத்துவிட்டு, ரவுண்டு ரவுண்டாகத் தாளில் போட்டுப் பார்த்ததில் கோன்சாலஸ்தான் வென்றார். செப்டம்பரில் நடந்த இரண்டாவது சண்டையில் நான்காம் ரவுண்டில் நாக் அவுட், அதில் பேச ஒன்றுமில்லை. இரண்டும் அவருடைய நான்காவது பிரிவில், தன்னைவிடப் பெரிய உடலோடு. இதை 105 பவுண்டில் நடந்த தோல்வியைப் போல எழுதக் கூடாது. அதற்குப் பிறகு 2020இல் கால் யாஃபாயை வீழ்த்தி மறுபடி சாம்பியன் ஆனார். 2021 மார்ச்சில் எஸ்த்ராதாவோடு மறுபடி 12 ரவுண்டு; இருவரும் சேர்ந்து 2,529 குத்து விட்டார்கள் என்று கணக்கெடுத்தவர்கள் சொன்னார்கள். நடுவர்கள் இரண்டுக்கு ஒன்று என்று பிரிந்த தீர்ப்பில் கோன்சாலஸ் தோற்றார். சில தோல்விகள் ஒருவரை உயர்த்துகின்றன, இது அப்படிப்பட்டது.

ஓய்வுக்குப் பின் திரும்பி வந்து தோற்றதைப் பாதி எடையில் எழுதுங்கள். சாங்கின் கடைசி மூன்று தோல்விகள் அப்படி. கடைசிச் சண்டையில் தாய்லாந்தின் முவாங்சாய் கிட்டிகசெமைக் கீழே தள்ளிவிட்டு, 12ஆம் ரவுண்டில் தானே நிறுத்தப்பட்டார்.

கண்ணால் பார்ப்பது

ஒலியை அணைப்பதைப் பற்றிச் சொன்னேன். வர்ணனையாளருக்கு ஒரு வீரரைப் பிடித்துவிட்டால் உங்கள் கண்ணும் அவர் பக்கம் போய்விடும். முதலில் கால்களை மட்டும் பாருங்கள். இந்த எடையில் கை வேகம் எல்லோரிடமும் உண்டு, வேறுபாடு பாதத்தில். கோன்சாலஸ் நான்கு குத்து விட்டதும் அரை அடி பக்கவாட்டில் நகர்ந்து அங்கிருந்து இன்னும் மூன்று விடுவார். எதிராளி திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். லோபெஸ் நேராக நிற்பார், முழங்கை விலாவை ஒட்டியிருக்கும், பாதம் தேவைக்கு மேல் ஓர் அங்குலம்கூட அசையாது. இடது கொக்கிக் குத்தும் (பக்கவாட்டில் வளைந்து வருவது) அதே இடது கையின் அப்பர்கட்டும் (கீழிருந்து மேலே வருவது) ஒரே இடத்திலிருந்து கிளம்பும், எது வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. நுட்பம் என்ற ஒன்றை மட்டும் வைத்து வரிசை போட்டால் லோபெஸ்தான் முதல்வர். எல்லா எடைகளையும் சேர்த்தாலும் அவருக்கு மேல் வைக்க எனக்குச் சிலரே தெரியும்.

என் வரிசை

முதலில் வைல்ட். எடையே இல்லாத அந்த மனிதர் தன்னைவிடப் பெரியவர்களைத் தொடர்ந்து வீழ்த்தினார். 1919இல் ஜோ லிஞ்சை வென்றார், லிஞ்ச் அதற்கடுத்த வருடம் பாண்டம்வெயிட் உலக சாம்பியன். 1915இல் தன்னை நிறுத்திய டான்சி லீயை அடுத்த வருடம் நிறுத்தினார். இரண்டாவது ரோமன் கோன்சாலஸ், மூன்றாவது லோபெஸ். இந்த இருவரை மாற்றிப் போடுபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. லோபெஸுக்கு 51 வெற்றி, தோல்வி இல்லை, ரொசென்டோ அல்வாரெஸோடு ஒரே ஒரு சமநிலை. அந்த அல்வாரெஸையும் அதே வருடம் மறுபடி சந்தித்து வென்றார். சமன் சோர்ஜாதுரோங்கை 1993இல் இரண்டு ரவுண்டில் முடித்தார், அவர்தான் பிறகு ஹும்பெர்ட்டோ கோன்சாலஸை வீழ்த்தியவர். இவ்வளவு இருந்தும் எட்டு வருடம் 105இலேயே இருந்துவிட்டார். மூன்று பவுண்டு மேலே மைக்கேல் கார்பஹாலும் ஹும்பெர்ட்டோவும் பெரும் பணத்துக்கு மோதிக்கொண்டிருந்தபோது அவர்களோடு லோபெஸின் சண்டை நடக்கவில்லை. பக்கத்தில் அந்த இடம் காலி.

நான்காவது பெரெஸ். 1948 லண்டன் ஒலிம்பிக் தங்கம். 1954 நவம்பரில் டோக்கியோவில் யோஷியோ ஷிராயிடமிருந்து பட்டம். ஐந்து வருடத்துக்கு மேல் ஆட்சி, பட்டத்தைத் தக்கவைத்த சண்டைகளில் பல வெளிநாட்டு ரிங்குகளில். ஐந்தாவது கான்டோ. பிறகு சாங், பெனி லிஞ்ச், காவோசாய், வில்லா, யூ. வெளியே நிற்பவர்களில் எஸ்த்ராதா மிக நெருக்கம். ஹும்பெர்ட்டோ, கார்பஹால், மார்க் ஜான்சன், சாம்பியனாகவே 1973இல் கார் விபத்தில் இறந்த மசாவோ ஓபா, 35 வெற்றியில் ஆறே நாக் அவுட்டோடு எல்லோரையும் தடுமாற வைத்த இவான் கால்டெரோன் ஆகியோரும் உண்டு.

இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்களைப் பென்சிலால் எழுதுங்கள். ஜெசி ரோட்ரிகெஸ் 2022இல் 22 வயதில், சில நாள் அவகாசத்தில் வந்து, இரண்டு பிரிவு தாவி கார்லோஸ் குவாத்ராஸை வென்றார். அதே வருடம் ஸ்ரீசாகெட்டை நிறுத்தினார். 2024 ஜூனில் எஸ்த்ராதா ஆறாம் ரவுண்டில் அவரைக் கீழே தள்ள, ஏழாம் ரவுண்டில் விலாவில் ஒரே குத்தில் எஸ்த்ராதாவை முடித்தார். அவருடைய எதிராளிப் பட்டியல் இப்போதே பலருடைய முழுப் பட்டியலைவிடக் கனமானது.

இந்த எடைகளை ஒருபோதும் பார்க்காதவராக இருந்தால் 1993 மார்ச்சில் நடந்த கார்பஹால் - ஹும்பெர்ட்டோ கோன்சாலஸ் முதல் சண்டையில் தொடங்குங்கள். கார்பஹால் இரண்டாம் ரவுண்டிலும் ஐந்தாம் ரவுண்டிலும் விழுந்து எழுந்து ஏழாம் ரவுண்டில் வெல்வார். அடுத்து லோபெஸ் - ஓஹாஷி. அடுத்து ரோமன் கோன்சாலஸ் - எஸ்த்ராதா, 2012உம் 2021உம் ஒரே மாலையில், அந்த வரிசையில். இரண்டாவதில் ரவுண்டுக்கு ரவுண்டு நீங்களே புள்ளி போடுங்கள், நடுவர்களின் தீர்ப்பைக் கடைசி மணி அடித்த பிறகே பாருங்கள்.